பின்சக்கரத்து ஈர மண்

வண்டிக்காரன் வாயை நான் நம்புவதில்லை. என் மூக்கைத்தான் நம்புவேன். கிளட்சு தேய்ந்தால் ஒரு நாற்றம், ஒயர் உருகினால் ஒரு நாற்றம், பெல்ட்டு நழுவினால் வேறொன்று. கோவில்பட்டியில் திருநெல்வேலி ரோட்டோரம் இருபது வருசம் ஷெட்டு வைத்திருந்தவன். எனக்குத் தெரியாத நாற்றம் கிடையாது என்றுதான் அந்தச் சித்திரை வரைக்கும் நினைத்திருந்தேன்.

எழுபத்தொன்பதாம் வருசம். உச்சிப்பொழுது, தார் இளகிக் கிடந்தது. புதூர்ப் பக்கத்துச் சங்கரபாண்டியின் கறுப்பு அம்பாசிடர் வந்து நின்றது. கரிசல்காடு அறுபது ஏக்கர் உள்ள மனுசன். அவரே ஓட்டி வந்தார். பின்சீட்டில் வலது ஓரம் அவர் பெண்சாதி சுடலையம்மாள். நடுவில் மகள் செண்பகவல்லி, நிறைமாதம். இடது ஓரம் காலி.

“பிச்சையா, ரப்பர் கருகுத நாத்தம் தாங்க முடியல. சீக்கிரம் பாருவே. பிள்ள குறுக்க கெடக்காம். பொழுது சாயதுக்குள்ள பாளையங்கோட்டை ஆசுபத்திரில சேக்கலன்னா ரெண்டு உசிரும் தங்காதுன்னுட்டா டாக்டரம்மா.”

“எப்ப இருந்து நாறுது?”

“இன்னைக்குத்தான்.”

பொய். சீட்டுத் துணியிலேயே ஊறியிருந்தது நாற்றம்.

பானெட்டைத் திறந்தேன். பெல்ட்டு இறுக்கமாக இருந்தது. ஒயரில் பழுதில்லை. ஹேண்ட் பிரேக் விட்டுத்தான் இருந்தது. சக்கரம் சக்கரமாகப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் கொதிக்கும். மூன்றிலும் வெயிலில் ஓடி வந்த சூடுதான்.

இடது பின்சக்கரம் கிணற்றுக்கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

நாற்றம் அங்கிருந்துதான் வந்தது.

அந்த மட்கார்டு எனக்குத் தெரியும். போன கார்த்திகை அடைமழையில், மாடு முட்டி நசுங்கியது என்று கொண்டுவந்தார். தட்டி நிமிர்த்திக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் போலீசு, கோர்ட்டு. அதே வாரம் புதூர்ப் பக்கம் களையெடுக்கப் போன ஆறுமுகத்தாயைக் காணோம். எவனோடோ ஓடிவிட்டாள் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன்.

ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். மட்கார்டுக்குள் கரிசல் மண் அப்பியிருந்தது. மழைக்காலத்தில் அப்பும். காய்ந்து கல்லாகி டயரை உரசும், ரப்பர் கருகும். சாதாரணச் சங்கதி. ஆனால் மழை பெய்து நாலு மாதம். இந்த மண்ணில் தண்ணீர் சொட்டியது.

உளியால் சுரண்டினேன். பச்சை வளையல் துண்டு ஒன்று விழுந்தது. அதோடு நீள மயிர்.

டயரைத் திருப்பினேன். ஓரத்தில் ரப்பர் உருகி நாலு பள்ளம். என் நாலு விரலையும் வைத்துப் பார்த்தேன்.

பொருந்தியது.

“மாடுன்னீயளே, மொதலாளி.”

சங்கரபாண்டி குனிந்து காதோரம் பேசினார். “சத்தம் போடாத. வண்டி வழுக்கி வால் திரும்பிட்டு. அடிபட்டு விழுந்தவ சக்கரத்தப் பிடிச்சிக்கிட்டா. விட மாட்டேன்னா.”

“அப்பம் உசிரு இருந்திச்சு.”

“வண்டி சேத்துல மாட்டிக்கிட்டுவே. ஆக்சிலேட்டர மிதிச்சேன்.” கழற்றிய டயரைப் பார்த்தார். “அன்னைக்கும் இதே நாத்தந்தான்.”

“அவ எங்க?”

“அங்கனதான். காட்டுக்குள்ள பொதச்சிட்டேன்.”

அப்போதுதான் வண்டிக்குள்ளிருந்து செண்பகவல்லியின் குரல் கேட்டது. “யப்பா, இந்த அக்கா யாரு? ஈரச்சீலையோட ஒட்டி ஒட்டி உக்காருதா.”

“ஏட்டி, யாருட்டி இருக்கா அங்கன?” என்றாள் சுடலையம்மாள்.

“என் வயித்துல கை வைக்கா, யம்மா. சில்லுன்னு இருக்கு.”

நான் வலது கதவைத் திறந்து தாயையும் மகளையும் வெளியே இழுத்தேன். மகளின் முந்தானை உள்ளே எதிலோ சிக்கி நின்றது. இழுத்தேன். கிழிந்துதான் வந்தது.

நடுரோட்டில் நின்று திருநெல்வேலி பஸ்சை மறித்தேன்.

“ஏ கெழட்டு மூதி, சாவதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?” என்று கத்தினான் டிரைவர். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்ததும் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினான். இருவரையும் ஏற்றிவிட்டேன்.

“பின்னாலயே வாரேன். சக்கரத்த மாட்டுவே,” என்றார் சங்கரபாண்டி.

மாட்டினேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டி நகர்ந்தபோது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆளில்லை.

ஆனால் சீட்டின் இடது ஓரம், ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

பாளையங்கோட்டையில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சங்கரபாண்டி போய்ச் சேரவில்லை. மூன்றாம் நாள், வந்த வழியிலேயே புதூர்க் காட்டில், வண்டி அச்சு வரைக்கும் புதைந்து கிடந்தது. பாளம் பாளமாக வெடித்த காய்ந்த நிலம் அது. இடது பின்சக்கரத்துக்கு அடியிலிருந்து அவரைத் தோண்டித்தான் எடுத்தார்கள். அவருக்குக் கீழே ஆறுமுகத்தாயும் கிடந்தாள்.

அவளையும் எரித்தாயிற்று, இனி ஒன்றுமில்லை என்றார்கள். நான் நம்பவில்லை. மட்கார்டை நிமிர்த்தியவன் நான். ஓடிப்போனாள் என்று சொன்ன வாயும் என் வாய்தான்.

ஆறு வருசம் சும்மா இருந்தது. நேற்று மத்தியானம் சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினேன். கேரியரில் மூட்டை ஏற்றியது மாதிரி வண்டி கனத்தது. மிதிக்க மிதிக்க ரப்பர் கருகும் நாற்றம். இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்தில் கரிசல் மண் அப்பியிருந்தது.

தொட்டேன். ஈரம்.

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றினேன்.

இடுப்போரம் ஈரக் கரிசல் மண்ணில் நாலு விரல் தடம்.

இன்று காலை மறுபடியும் பார்த்தேன். மண் இன்னும் காயவில்லை.