ரம்புட்டான் அச்சன்புதூருக்குப் போவானா?

"ஏட்டி பொன்செல்வி! இங்கன வந்து பாரு, உன் செல்லம் பண்ணி வச்சிருக்கிற வேலையை!"

அம்மா கூப்பிட்ட தொனியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

குளியலறை வாசலில் கிடந்த சாக்கு நனைந்து, தரையிலும் கொஞ்சம் ஓடியிருந்தது. வாடை மூக்கைத் துளைத்தது. பக்கத்திலேயே ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வாலாட்டிக்கொண்டு நின்றான் ரம்புட்டான்.

ரம்புட்டான் எங்கள் நாய்க்குட்டி. எங்கள் குற்றாலத்தில் சீசன் நேரத்தில் குவித்து வைத்து விற்பார்களே, அந்தப் பழம் மாதிரியே செம்பட்டையாக, முடியைச் சிலிர்த்துக்கொண்டு இருப்பான். பேர் வைத்தது நான். அவனுக்காகத் திட்டு வாங்குவதும் நான்தான்.

"எம்மா, சின்னக் குட்டிதானம்மா..."

"சின்னக் குட்டியா? போன வாரம் வந்தவிய இந்தச் சின்னக் குட்டியாலதான் பெட்டியைக் கட்டிட்டு வேற வீடு பாத்துப் போனாவ. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. எங்கள் வீட்டின் முன்பக்க அறைகளைக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். பின்பக்கம் நாங்கள் இருப்போம். அருவியில் தண்ணீர் விழும் கொஞ்ச நாள்தான் எங்களுக்கும் வருமானம். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனால் அம்மாவுக்குக் கோபம் வராதா?

"சாயங்காலம் மதுரையில இருந்து ஒரு குடும்பம் வருதாவ. இன்னும் ஒரே ஒரு தடவை இவன் வீட்டுக்குள்ள நனைச்சான்னா, தளவாய் அண்ணாச்சி ஆட்டோவுல ஏத்தி அச்சன்புதூருக்கு அனுப்பிருவேன். அங்க களத்துக் காவலுக்கு நாய் கேட்டுட்டுதான் இருக்காவ."

அம்மா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. பேசிய கையோடு போனை எடுத்துவிட்டாள். "அண்ணாச்சி, சாயங்காலம் இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒரு நாயை ஏத்திட்டுப் போவ வேண்டியிருக்கும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. களத்தில் இவனைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். இடி இடித்தால் என் மடிக்குள் முகத்தைப் புதைக்கிற குட்டி இவன். அங்கே யார் மடி இருக்கிறது?

அன்றைக்குச் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. நல்லவேளை! ரம்புட்டானைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு ஓடினேன். சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. கொய்யா மரத்தடியில் இறக்கி விட்டேன்.

"போயேம்லே! இங்கனயே போயிரு."

ஒரு காலைத் தூக்கினான். அப்பாடா என்று நினைத்தேன். அந்தக் காலில் இருந்த ஈரத்தை உதறிவிட்டு என்னைப் பார்த்தான். அவ்வளவுதான்.

"ஏலே, உன் நல்லதுக்குத்தான சொல்லுதேன்!"

இருவரும் தொப்பலாக நனைந்ததுதான் மிச்சம். உள்ளே கொண்டுவந்து துடைத்து இறக்கி விட்டதும், நேராக அடுக்களை வாசலுக்கு ஓடினான். மூக்கைத் தரையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். பின்னங்காலை மடக்கினான்.

"ஐயையோ!"

பாய்ந்து தூக்கிவிட்டேன். நூலிழையில் தப்பினோம். மறுபடியும் கொய்யா மரத்தடி. மறுபடியும் அதே பிடிவாதம்.

சாயங்காலம் வரை இதே கூத்துதான். சோறுகூட அவனை இடுக்கிக்கொண்டே சாப்பிட்டேன். பாவம், அவனும் அடக்கிக்கொண்டுதான் இருந்தான். வயிறு கல் மாதிரி இருந்தது. "உங்ங்" என்று முனகினான்.

அம்மா முன்னறைகளைக் கழுவித் துடைத்துவிட்டு, வாசலுக்கு வாசல் புதுச் சாக்காக விரித்துக்கொண்டிருந்தாள். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் கால் துடைக்கச் சாக்கு கிடக்கும். இல்லாவிட்டால் ஈரத் தரையில் வழுக்கி விழ வேண்டியதுதான். ரம்புட்டான் வந்த பிறகு அம்மா இன்னும் கூடுதலாகப் போட்டாள். அவன் நனைத்தாலும் சாக்கு உறிஞ்சிக்கொள்ளுமாம்.

நான் கொஞ்சம் யோசித்தேன். இவனைத் தூக்கிக்கொண்டு அலைவதை விட, இவன் எங்கேதான் போகப் பார்க்கிறான் என்று கவனித்தால் என்ன?

மெதுவாக இறக்கி விட்டு, பின்னாலேயே தவழ்ந்து போனேன்.

கூடத்தில் மோந்து பார்த்தான். வேண்டாம் என்று நகர்ந்தான். கட்டிலுக்கு அடியில் மோந்து பார்த்தான். அங்கேயும் வேண்டாம். முன்னறை வாசலுக்கு வந்தான். புதுச் சாக்கைக் கண்டதும் ஒரு சுற்றுச் சுற்றினான். பின்னங்காலை மடக்கினான்.

லபக்கென்று தூக்கிக்கொண்டேன். குளியலறை வாசல், அடுக்களை வாசல், இப்போது இங்கே. எல்லா இடத்திலும் சாக்கு!

அப்பா தென்காசியில் வெங்காய மண்டியில் வேலை பார்க்கிறார். இவனை அங்கிருந்துதான் கொண்டுவந்தார். காலிச் சாக்குக் குவியலுக்குள் பிறந்தவன் இவன். கண் திறந்த நாளில் இருந்து இவன் ஒன்றுக்குப் போனதெல்லாம் சாக்கில்தானே? அட, இவன் ஒழுங்கான பிள்ளைதான்! இவனுடைய கக்கூஸை வாசலுக்கு வாசல் விரித்து வைத்தது நாங்கள்தான்.

"எம்மா! எம்மா! சாக்கை எல்லாம் எடுத்திரும்மா! சாக்கைக் கண்டாத்தான் இவன் போவான்!"

"சாக்கு போடாம? வாரவிய வழுக்கி விழுந்து மண்டையை உடைக்கவா? சாக்குல கையை வச்சே, தொலிச்சுப் போடுவேன். போட்டி அங்கிட்டு!"

அதற்குமேல் பேசுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

மதுரைக்காரர்கள் வழியிலேயே அருவியில் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு சொட்டச் சொட்ட இறங்கினார்கள். முதலில் ஒரு சின்னப் பையன் ஓடி வந்து, சாக்கில் ஏறித் தொம் தொம் என்று குதித்தான். பின்னால் அவனுடைய அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அதே நேரம் தெருமுனையில் லோடு ஆட்டோ சத்தமும் கேட்டது. தளவாய் அண்ணாச்சி!

அந்தச் சத்தத்தில் நான் திரும்பினேன். ரம்புட்டான் என் கையிலிருந்து நழுவிவிட்டான்.

நேராகச் சாக்குக்குத்தான் ஓடினான். பையனின் காலை மோந்தான். ஒரு சுற்றுச் சுற்றினான். அம்மாவின் முகம் வெளுத்துப் போனது.

இனி அம்மா திட்டினால் திட்டட்டும்.

"தம்பி, இறங்கு!"

பையன் துள்ளி இறங்கினான். சாக்கை உருவி எடுத்தேன். வீட்டைச் சுற்றிப் புறவாசலுக்கு ஓடினேன். என் பின்னால் சாக்கு இழுபட்டது. அதன் பின்னால் ரம்புட்டான் ஓடி வந்தான். "ஏட்டி! ஏட்டி!" என்று கத்திக்கொண்டே அம்மாவும் ஓடி வந்தாள்.

விறகு அடுக்கியிருந்த தகரக் கொட்டகைக்குள் சாக்கைப் போட்டேன்.

ரம்புட்டான் அதன்மேல் ஏறினான். சுற்றினான். நின்றான். என்னைப் பார்த்தான்.

"போயேம்லே ரம்பு," என்றேன்.

பின்னங்காலை மடக்கினான். காலையிலிருந்து அடக்கி வைத்தது அத்தனையும் நிற்காமல் போனது. போய்க்கொண்டே இருந்தது. அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"அம்மா, நாய்க்குட்டி பாத்ரூம் போகுது பாருங்க!" என்று பின்னால் கைதட்டினான் மதுரைப் பையன். அவர்களும் சுற்றி வந்துவிட்டார்கள். என்ன சொல்லப் போகிறார்களோ என்று நான் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடேங்கப்பா, எவ்வளவு அழகாப் பழக்கி வச்சிருக்கீங்க!" என்றார் பையனின் அம்மா. "எங்க வீட்டு நாய் வளர்ந்து எருமை மாதிரி ஆயிருச்சு. இன்னும் சோபாவுலதான் போகுது."

அம்மா என்னைப் பார்த்தாள். ரம்புட்டானைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பின்னே? எங்க வீட்டுல எல்லாம் அப்படித்தான். பழக்கத்துலதான இருக்கு!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரம்புட்டானை அள்ளி முகத்தோடு அணைத்துக்கொண்டேன். அவன் என் மூக்கை நக்கினான். வந்தவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, அம்மா சாக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, தன் பழைய நூல் சேலையைக் கிழித்து வாசலுக்கு வாசல் மடித்துப் போட்டாள். என் பக்கம் திரும்பாமலே, "நீ சொன்னதை நான் அப்பவே கேட்டிருக்கலாம், என்ன?" என்று மெதுவாகச் சொன்னாள்.

அதற்குள் தளவாய் அண்ணாச்சி ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்.

"எங்க தாயி, ஏத்திட்டுப் போவணும்னு சொன்ன நாயி?"

நான் ரம்புட்டானை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏத்துறதுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி," என்றாள் அம்மா. "உங்க ஆட்டோவுல பழைய சாக்கு கிடந்தா, ரெண்டை இறக்கிப் போட்டுட்டுப் போங்க. எங்க பிள்ளைக்கு வேணும்."