புள்ளி வைத்த ழகரம்

"சார், நாளிக்கு இந்தம்மாவோட எழுத்தையெல்லாம் தூக்கிக்கினு பூடுவாங்களாம்!" என்று கத்திக்கொண்டே ஆட்டோவை நிறுத்தினான் குப்புராஜ். மேற்குத் தாம்பரம் வட்டாரத்தில் துப்புத் துலக்கும் சாலமோனுக்கு அவன்தான் வண்டி, வலதுகை, வாய் எல்லாம்.

இறங்கி வந்தவர் ஞானஜோதி, ஓவியர். மூடிப்போன ஓர் அச்சகத்தின் பழைய மர எழுத்துகளை வாங்கி, பம்மல் பட்டறையில் தாளுக்கு ஓர் எழுத்தாக அச்சிட்டுக் கண்காட்சி வைத்திருந்தார்.

"அதெல்லாம் தன் வீட்டுல திருடு போனதுன்னு தட்சிணாமூர்த்தி சொல்றார், அங்கிள். நாளைக்குள்ள கொடுக்கலைன்னா போலீஸாம். எனக்கு வித்தவரும் இப்ப உயிரோட இல்ல. அந்த எழுத்து போச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

தட்சிணாமூர்த்தி ஊரப்பாக்கத்தில் மனை விற்றுப் பெரிய மனிதரானவர். 'அச்சுக்கலை வேந்தர்' பட்டத்தைத் தன் மன்றத்தில் தானே முன்மொழிந்து, மிகுந்த அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டவர்.

பட்டறையில் மாட்டியிருந்த ழ தாளின் முன் சாலமோன் அசையாமல் நின்றார். முழங்கை உயரக் கரிய எழுத்து. மரத்தின் ரேகைகள் மைக்குள் ஓடின. கீழ்ச்சுழியில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"இன்னா சார், கோயிலாண்ட நிக்கிற மாறி நிக்கிறே?"

"சும்மா இரு குப்பு... எல்லா எழுத்தையும் அடிச்சாச்சாம்மா?"

"இல்ல அங்கிள். புள்ளி வெச்ச எழுத்தெல்லாம் இன்னும் பெட்டியில தூங்குது. நான் வாங்கினதிலேர்ந்து வெளிய எடுக்கல."

மாலையில் வேந்தர் வந்தார். கூடவே, சால்வையைத் தூக்கிவர ஒருவர், கைதட்ட இருவர். 'தமிழ்' என்று அச்சிட்ட ஒரு தாளை விரித்தார். அடியில் 1985 என்றிருந்தது.

"எட்டு வருஷத்துக்கு முன்னால இந்தக் கையால அடிச்சது! இந்த விரிசலைப் பாருங்க. அந்தம்மா தாள்லயும் இதே விரிசல். விரிசல் பொய் சொல்லாது!"

இருவரும் கைதட்டினார்கள்.

"பேஜாராப் பூட்ச்சே சார்," என்று முணுமுணுத்தான் குப்புராஜ். "கரெக்டா அதே விரிசல்."

"அதேதான். அதான் ஐயாவுக்குச் சிக்கல்." சாலமோன் திரும்பினார். "புள்ளியை எப்படி அடிச்சீங்க ஐயா?"

"ழ மேல புள்ளி வெச்சா ழ்! ஒண்ணாங்கிளாஸ் பாடம். இது தெரியாமலா துப்பறிய வந்தீங்க?"

"பேனாவுல அப்படித்தான். மரத்துல ழ ஒரு கட்டை, ழ் வேற கட்டை. தனித்தனியா செதுக்கினது. ழ கட்டையோட விரிசல் ழ் கட்டைக்கு எப்படி வந்தது? கண்காட்சித் தாளைப் போட்டோ எடுத்து, தலையில ஒரு புள்ளி வரைஞ்சு, அதை உலோகத் தகட்டுல பிளாக் செஞ்சு அடிச்சிருக்கீங்க. ழ் அங்க மாட்டியிருந்தா அதையே எடுத்திருப்பீங்க."

"வாயால யாரும் பேசலாம்! காட்டுங்க பார்ப்போம்!"

ஞானஜோதி பெட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். மை உருளையை உருட்டி, தாளை வைத்து, அச்சு இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்தார். பிறகு தாளின் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரித்தார்.

ழ் எழுந்து வந்தது. விரிசல் இல்லை. சுழி இன்னும் அகலமாக, ஒரே மூச்சில் வளைந்து இறங்கியது. மேலே இருந்தது வட்டப் புள்ளியல்ல, வைரம்போல் நான்கு முனைகளோடு சற்றே சாய்ந்த புள்ளி. ஈர மையில் விளக்கு மின்னியது. சால்வைக்காரர் சால்வையைத் தரையில் போட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

வேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அடடா... இப்படி ஒரு ழ் நான் ஜென்மத்துல பார்த்ததே இல்லையே!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

"அப்போ எயிட்டி ஃபைவ்ல இன்னாத்த வெச்சு அட்ச்சே தலைவரே?" என்றான் குப்புராஜ்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. வேந்தர் தன் தாளை நான்காக மடித்து ஜிப்பா பைக்குள் திணித்தார்.

"போலீஸ்?" என்று கேட்டார் சாலமோன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." வேந்தரின் கண் இன்னும் அந்தப் புள்ளியை விட்டு நகரவில்லை. "ஏம்மா... இதுல எனக்கு ஒண்ணு கிடைக்குமா?"

"வரிசையில நில்லுங்க சார்," என்றார் ஞானஜோதி. "முதல் தாள் அங்கிளுக்கு."