முப்பது எப்படி எண்பதாயிற்று?

"உங்க ப்ரோகிராம் ஒரு பஸ்ஸையே கவுக்கப் பாத்துச்சு சார்" என்றபடி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மகள் உள்ளே வந்தாள்.

ப்ரோகிராம்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். சின்னக் கடைகளுக்கு அந்தந்தக் கடைக்கென்றே ப்ரோகிராம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். கம்ப்யூட்டர் என்றாலே ஊர் வாயைப் பிளந்த காலம் அது. ஒழுங்காக ஓடினால் வாங்கியவர் கெட்டிக்காரர். தகராறு செய்தால் எழுதியவர் தலைதான் உருளும்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். ஒரு பஸ் டிரைவர் தன் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டு, பழைய அளவிலேயே புதியது கேட்டார். கம்ப்யூட்டரில் இருந்த அளவைப் பார்த்துச் செய்து கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டியவருக்குச் சாலையே சாய்ந்து தெரிந்தது. திருப்பத்தில் பஸ்ஸைச் சுவரில் தேய்த்துவிட்டார். யாருக்கும் அடிபடாதது புண்ணியம். அவர் அளவைக் கையால் எழுதிவைத்திருந்த பழைய அட்டையில் லென்ஸின் கோணம் முப்பது, கம்ப்யூட்டரிலோ எண்பது.

"டைப்பிஸ்ட் அக்கா தப்பா அடிச்சுட்டாங்கன்னு அப்பா சொல்றாரு. இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பணுமாம். அவங்கள நம்பித்தான் அவங்க வீடே இருக்கு."

ப்ரோகிராம்காரரின் தங்கை அதற்குள் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். துப்பு துலக்குவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"ஃப்ளாப்பி கெட்டிருக்கும்ணா."

"கெட்டிருந்தா எதுவுமே படிக்காது. ஒரே ஒரு எண்ணைப் பொறுக்கி மாத்தாது."

கடையில் அந்தப் பெண்ணின் அப்பா, கடைக்காரப் பெரியவர், ஒரு அம்மாளுக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றவர், "கடைசி வரியில ரெண்டாவது எழுத்து தப்பும்மா, திரும்பப் படிங்க" என்றார். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறாரே என்று தங்கை வியந்துபோனாள்.

டைப்பிஸ்ட் அழுது வீங்கிய முகத்தோடு மூலையில் இருந்தாள். வாடிக்கையாளர் அட்டைகளைப் பெரியவர் யார் கையிலும் கொடுக்கமாட்டார். அவரே ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார், அவள் அடிப்பாள். இப்படித்தான் எல்லாம் உள்ளே ஏறியிருந்தது.

"ஐயா எண்பதுன்னுதான் படிச்சாங்க" என்றாள்.

"முப்பதுன்னு படிச்சேன். இவ கவனம் எங்கயோ மேயப் போயிருந்துது" என்றார் பெரியவர்.

அண்ணனும் தங்கையும் அட்டைகளைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரியவர் பக்கத்திலேயே நின்று முணுமுணுத்தார். சில இடங்களில் மூன்று என்ற எண் எட்டாகியிருந்தது, ஒன்று என்ற எண் ஏழாகியிருந்தது. வேறு தவறே இல்லை. அதுவும் பழைய அட்டைகளில் மட்டும்தான். சமீபத்தில் வந்தவர்களின் அளவுகள் அத்தனையும் சரி.

ப்ரோகிராம்காரர் எல்லாரையும் கூப்பிட்டார்.

"விரல் தப்பினா பக்கத்து எண்ணுல விழும். கீபோர்டுல மூணும் எட்டும் தள்ளித் தள்ளி இருக்கு. ஒண்ணும் ஏழும் அப்படித்தான். அதனால கை தப்பு பண்ணலை."

"அப்ப காதுதான்" என்றாள் தங்கை.

"முப்பதுன்னா யார் காதுல எண்பதுன்னு விழும்? எழுத்துலதான் மூணும் எட்டும் ஒண்ணு போலத் தெரியும். மிச்சம் இருக்கறது கண்ணு. அட்டையைப் பாத்தது ஒரே ஒருத்தர் கண்ணுதான்."

"ஆனா அந்தப் பலகையை அப்படியே சொன்னாரேண்ணா."

"பாக்காம சொன்னாரு. மனப்பாடம். புதுசா வந்தவங்க அளவு அவரே எடுத்தது, ஞாபகத்துல இருந்து சொல்லிடலாம். பழைய அட்டையைப் படிச்சுத்தான் ஆகணும்." ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். "இதைக் கொஞ்சம் படிங்க ஐயா."

பெரியவர் அதைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். "வெளிச்சம் போதலை" என்றார். நடுப்பகல் வெயில் மேசை மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

"எப்போலேருந்துப்பா?" என்றாள் மகள்.

"புரை விழுந்து ரொம்ப நாளாச்சும்மா. ஆபரேஷன்னு போனா ஊருக்கே தெரிஞ்சுடும். கண்ணு தெரியாதவன்கிட்ட கண்ணாடி போட எவன் வருவான்?" பிறகு டைப்பிஸ்ட் இருந்த பக்கம் திரும்பினார். "நீ சரியாத்தான் அடிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியும். பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மன்னிச்சுடும்மா. உன்னை என் பொண்ணு மாதிரிதான்..."

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா" என்றாள் அவள். நிதானமாகவே பேசினாள். "உங்க பொண்ணு உக்காந்து அடிச்சிருந்தா, தப்பு உங்க மேலன்னு காலையிலயே ஒத்துக்கிட்டிருப்பீங்க."

பெரியவர் கையிலிருந்த அட்டையை அவளிடம் நீட்டினார். அவர் மகள்தான் அழுதாள்.