குளிர் அறையில் வளர்ந்த இழை

மின்சாரம் போனால் ஒலிக்கும் மீட்டர் ‘பீ’ என்றது. அதன் ஒரு முனை தட்டிலிருந்த கரைசலில், மற்றது கௌசல்யா கை ஊன்றியிருந்த இரும்பு மேசையில். இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போக வழியே இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அன்று ஹர்த்தால். பஸ் இல்லாமல் கரமனை வீட்டிலிருந்து ஆய்வகத்துக்கு நடந்தே வந்திருந்தாள். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் காவலாளி தாணு குளிர் அறையை வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டார். கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்ததுதான் மிச்சம். குளிர்பெட்டியின் முனகலும், மூக்கை விட்டுப் போகாத, அனிலின் என்ற ரசாயனத்தின் நெடியும், குழல்விளக்கு சிமிட்டும்போதெல்லாம் சுவரில் சற்றே தள்ளி நிற்கும் தன் நிழலும் மட்டும்தான் அவளுக்குத் துணை.

மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் இழையை நொதியால் வளர்ப்பது அவள் ஆராய்ச்சி. வரவேண்டிய நொதி சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளும் அந்த வேலையைச் செய்யும் என்று படித்தவள், முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் விரலைக் கீறித் தட்டிலிருந்த கரைசலில் சில சொட்டுகள் விட்டாள். பச்சை இழை மளமளவென்று வளர்ந்தது. காலையில் வந்ததும் ஆசையாக, காயம்பட்ட விரலாலேயே தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

பீ. பீ. பீ.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடியும் அதே தாளத்தில் துடித்தது.

காயத்திலிருந்து தட்டுவரை ஓர் இழை. முடியைவிட மெலிது. பச்சை. தட்டின் அடியிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து சுவருக்கு, இன்னும் எத்தனையோ.

விரலை இழுத்தாள். இழையின் நுனி கரைசலை விட்டு எழும்பியது.

மீட்டர் அடங்கியது. நெஞ்சுத் துடிப்பும்.

கண் இருட்டியது. கை தானாகத் தாழ்ந்து, இழை மறுபடி கரைசலைத் தொட்டது. பீ. மூச்சு வந்தது.

பூட்டு திறக்கும் சத்தம். கதவு அகன்றது. வெளியே வெயில்.

“ஐயோ, மோள் உள்ளயா இருந்த? நான் அறிஞ்சில்ல, கேட்டியா,” என்றார் தாணு. “வா மோளே, வீட்டுல கொண்டு விடுதேன்.”

கதவு வழியே காற்று வந்தது. இழைகள் ஆடின. ஒரு ‘பீ’ தவறியது. அவள் தள்ளாடினாள். தாணு பதறி உள்ளே கால் வைத்தார்.

“வராதீங்கோ, தாணு அண்ணா.” கையைத் தட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். “வேலை இருக்கு. கதவைச் சாத்திண்டு போங்கோ.”

“பூட்டவா?”

பீ. பீ.

“பூட்டிடுங்கோ.”

பூட்டு விழுந்தது. காற்று நின்றது. பக்கத்து விரலின் காயமில்லாத தோலைத் துளைத்துக்கொண்டு பச்சையாக ஒரு நுனி வெளியே வந்து, தட்டின் பக்கம் வளைந்தது.