ஆடியில் தள்ளிய சூடு

அந்த வருடம் வேலூரில் யார் வீட்டு விளையாட்டுக் கணிப்பொறியிலும் விசிறி கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புத் தகடு இருந்தது; அதைச் செயலியின் முதுகில் ஒட்டிவிட்டால் போதும். எத்தனை வேகத்துக்கு முடுக்கினாலும் பொறி கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடக்கும். பெட்டியில் வெப்பந்தள்ளி என்று அச்சிட்டிருந்தார்கள். ஊர் அதைத் தள்ளி என்று சுருக்கிக்கொண்டது. சூட்டை எங்கே தள்ளுகிறது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கோடையில் வேலூரில் இருப்பவர்களுக்குச் சூடு தொலைந்தால் போதும், அது போன இடத்தைப் பற்றி என்ன கவலை.

தமயந்திக்கும் அந்தக் கவலை வந்ததில்லை. வங்கியில் வேலை, மூன்று வயதில் நறுமுகை என்று ஒரு மகள், கணவன் துறைமுக வேலையாக வெளிநாட்டில் இருந்ததால் பிறந்த வீட்டிலேயே குடியிருப்பு. கல்யாணத்துக்கு முன்பு கணிப்பொறி விளையாட்டில் மாவட்டமே திரும்பிப் பார்த்த ஆள் அவள். ஞாயிற்றுக்கிழமை இப்போதும் இரண்டு மணி நேரம் விளையாடாவிட்டால் அவளுக்கு வாரம் முடிந்த மாதிரியே இருக்காது. போன வாரம்தான் புது வரைகலை அட்டை வாங்கிப் போட்டிருந்தாள். அதனால், நறுமுகையின் கட்டிலோரம் வைத்திருந்த மெழுகு வண்ணக் குச்சிகள் உருகிக் குழம்பாகிக் கிடந்ததைப் பார்த்ததும், புது அட்டையைத்தான் முதலில் திட்டினாள்.

கூடத்தில் இருந்த பொறியைத் திறந்தாள். தூசி தட்டினாள், பழைய பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினாள், அட்டையைக் கழற்றி மாட்டினாள். எல்லாம் முப்பத்தொரு டிகிரி. அடுத்த அறையில் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து மேசை உயரத்தில், வெறும் காற்று எண்பத்தெட்டு டிகிரி.

யூனுஸ் வந்தான். காட்பாடி சாலையில் கணிப்பொறிக் கடை வைத்திருப்பவன், ஒரு காலத்தில் அவள் அணியின் ஆட்டக்காரன்.

"ஒயர் எல்லாம் கழட்டிட்டுப் பாத்தியா?"

"ப்ளக்கையே புடுங்கிட்டேன்டா. அப்பவும் வருது."

அவன் வெப்பமானியைக் காற்றில் நீட்டினான். கை இழுத்துக்கொண்டது. "இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"என் பழைய மேசை. நறுமுகை பிறந்ததும்தான் பொறியக் கூடத்துக்கு மாத்துனேன்."

மூன்று நாள் குறிப்பெடுத்தார்கள். சூடு வரும், நிற்கும், மறுபடி வரும். இரண்டாம் நாள் மாலை ஆறு பத்துக்கு வந்து, ஏழே காலுக்கு நின்று, பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திரும்ப வந்தது. தமயந்தியின் பொறியில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நிமிடத்துச் சூட்டையும் அது பதிந்து வைத்திருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிட இடைவெளியை அதில் தேடினாள். கிடைத்தது. ஏழு வருடம் முப்பத்தைந்து நாளுக்கு முன்னால், அம்மா தோசைக்குக் கூப்பிட்டு அவள் எழுந்துபோன பன்னிரண்டு நிமிடம். மற்ற இரண்டு நாட்களும் நிமிடம் பிசகாமல் அப்படியே பொருந்தின.

"வேற இடத்துக்குத் தள்ளல தமயா," என்றான் யூனுஸ் மெதுவாக. "அதே இடத்துலதான் வெக்குது. நாள்தான் வேற."

தயாரித்த நிறுவனத்துக்குப் போன் செய்தாள். ஒரு பெண் குரல் மிக மரியாதையாகப் பேசியது. "இது பழுது இல்லைங்க மேடம். கையேட்டுல இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாருங்க. வெப்பம் தற்போதைய பயன்பாட்டு எல்லைக்கு வெளியே கடத்தப்படும்னு இருக்கும். சூடு வர்ற இடத்துல புதுத் தகடு ஒண்ணு மாட்டிட்டா அது வாங்கி மறுபடியும் தள்ளிடும்."

மாட்டினாள். அறை குளிர்ந்தது. வாங்கிய சூட்டோடு, தள்ளும் வேலையில் பிறக்கும் சூட்டையும் சேர்த்தே தகடு தள்ளும் என்று அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நறுமுகைக்குப் பத்து வயதாகும்போது கட்டிலை வேறு அறைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தமயந்தி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

யூனுஸ் இன்னும் அந்தப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாம இந்தத் தள்ளிய எதுக்கு வாங்குனோம்? ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்பு நடத்திய விளையாட்டுப் போட்டிக்காக வாங்கினார்கள். பாலாற்றங்கரைக் கல்யாண மண்டபத்தில், ஆடி பதினொன்றாம் தேதி. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைத்தது. யாருக்கும் தொந்தரவில்லை என்று பார்த்துப் பார்த்து அவள்தான் அந்த நாளைக் குறித்தாள். நானூறு பொறிகள், ஒவ்வொன்றிலும் தள்ளி. குளிர்ச்சி இலவசம் என்றதும் எல்லோரும் வெறி பிடித்தவர்கள் போல முடுக்கினார்கள். மின்சாரத்துக்கு வெளியே ஜெனரேட்டர் லாரிகள் வரிசையாக நின்றன. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை ஆட்டம். அத்தனை பேர் அடைந்து கிடந்த கூடத்தில் அன்றைக்குச் சிலர் சால்வை போர்த்தியிருந்தார்கள்.

அந்த ஆடி பதினொன்றோடு ஏழு வருடமும் முப்பத்தைந்து நாளும் கூட்டினால் இந்த வருடம் ஆவணி பதினைந்து.

ஆவணி பதினைந்து, காலை ஒன்பதிலிருந்து பத்தரை, அதே மண்டபத்தில் அவள் தம்பி முகிலனுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் எண்ணூறு பேருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நடுவில் ஏழு நாள்தான் இருந்தது.

"வேற மண்டபம் பாருடா," என்று தம்பியிடம் கெஞ்சினாள்.

"ஆவணி முதல் முகூர்த்தம்க்கா. ஒரு மாசமா காத்துக்கிட்டிருந்த கும்பல் எல்லாம் அன்னிக்குத்தான் கல்யாணம் வெச்சிருக்குது. திருப்பத்தூர் வரைக்கும் ஒரு மண்டபம் காலியில்ல."

"அப்ப நாளத் தள்ளிப் போடு."

"பொண்ணு வீட்ல என்னன்னு சொல்றது? எங்கக்கா ஏழு வருஷம் முன்ன கம்ப்யூட்டர் ஆடுனாங்க, அந்தச் சூடு இப்ப வருது, அதனால கல்யாணம் வேணாம்னா?" அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நறுமுகை ரூம்ல ஒண்ணு மாட்டுனியே. அதையே அங்கயும் மாட்டு."

தமயந்திக்கும் அந்த யோசனை வந்துதான் இருந்தது. அதை அவன் வாயால் கேட்கக் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

போட்டியின் இருக்கை வரைபடத்தை யூனுஸ் பத்திரமாக வைத்திருந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் முழுக்க அவர்கள் இருவரும் அதைப் பார்த்துப் பார்த்துக் கூரையிலிருந்து நானூறு கம்பிகளை இறக்கி, மேசை உயரத்தில் நானூறு தகடுகளைத் தொங்கவிட்டார்கள். பூக்காரர் ஒவ்வொரு கம்பியிலும் மல்லிகைச் சரம் சுற்றினார். வந்தவர்கள் புதுவித அலங்காரம் என்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பது மணிக்குத் தகடுகள் மெலிதாக முனகத் தொடங்கின. நாதசுரத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு, இடது பக்கம் ஆறாவது வரிசையில், ஒரு குழந்தை மல்லிகைச் சரத்தைப் பிடித்து இழுத்தது. கம்பி அறுந்து தகடு தரையில் விழுந்தது. குழந்தையின் தலைக்கு மேலே மிச்சமிருந்த பூ, தமயந்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகிச் சுருண்டது. அவள் பாய்ந்து குழந்தையை இழுத்தாள். யூனுஸ் தகட்டை எடுத்து வெறும் கையால் அந்த இடத்தில் பிடித்தான். கெட்டிமேளம் முழங்கி, தாலி கட்டி, பந்தி முடிந்து, கூட்டம் கலையும் வரை கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே நின்றான். விரல்கள் கொப்பளித்திருந்தன.

"ஏசி பிரமாதம்," என்று பெண் வீட்டார் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இது கொஞ்சம்தான்," என்றான் யூனுஸ், மருந்து தடவிக்கொண்டே. "நாம முதல்ல வாங்குனவங்க. நமக்கு அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில மாட்டுனாங்க. அதுக்கப்புறம் தோல் தொழிற்சாலை, அரிசி ஆலை, பஸ். எல்லாம் வரிசையா வந்துகிட்டிருக்கு."

தமயந்திக்கு அந்த வரிசையை நினைக்கவே தெம்பில்லை. இந்த ஒரு நாளை மட்டுமாவது ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்று மண்டப மேலாளர் ஏகாம்பரத்தின் அறைக்குப் போனாள். நறுமுகை அவள் இடுப்பில் இருந்தாள்.

"ஏழு வருஷம் முப்பத்தஞ்சு நாள் கழிச்சு, புரட்டாசி பத்தொன்பது. அன்னிக்கு மண்டபத்தப் பூட்டியே வெக்கணும் சார். யாரையும் உள்ள விடக்கூடாது. முழு வாடகையும் நானே கட்டிடறேன்."

ஏகாம்பரம் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். "இதுல ரெண்டு வருஷத்துக்குத்தாம்மா பக்கமே இருக்கு. அதுக்கு மேல எழுத எடமில்ல."

"சுவத்துல எழுதி வெக்கவா?"

"கல்யாண மண்டபத்துலயா? வர்ற வருஷம் வெள்ளையடிக்கறவன் அழிச்சிட்டுப் போவான்." அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விரல் விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்து, தெளிந்து, சிரித்தார். "நீங்க வேற, எதுக்குக் கவலப்படறீங்க? புரட்டாசிதானே. புரட்டாசியில எவன் கல்யாணம் வெக்கிறான்? மண்டபம் காலியாத்தான் கெடக்கும்."

தமயந்தி மூச்சு விட்டாள். நறுமுகை அம்மாவின் போனில் எதையோ சுட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பாதி வாடகைக்கு விடுவோம்," என்றார் ஏகாம்பரம் பதிவேட்டை மூடிக்கொண்டே. "உங்கள மாதிரி கம்ப்யூட்டர் ஆடற பசங்கதான் வந்து எடுப்பாங்க."