பச்சைச் சால்வைக்காரியின் வாய்

கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஓவியத்திலிருந்த பெண்ணின் வாய்க்கு நேராக, குளிர்கால ஜன்னலில் குழந்தை ஊதி வைத்ததைப் போல. எர்சீலியா சட்டைக் கையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. சட்டத்தைச் சுற்றிலும் காற்றுப் புகாதபடி அடைத்துப் பதினைந்து வருடமாகிறது. அடைத்தவளே அவள்தான்.

காவலாளி உகோ அதைக் கவனிக்கவில்லை. ஓவியத்தைச் சீரமைப்பு அறைக்குத் தூக்கி வந்து, கண்ணாடியைக் கழற்றி, சாய்மேசையில் நிறுத்திவிட்டுக் கழுத்து வியர்வையைத் துடைத்தான்.

“பிளாரன்ஸ் மொத்தமும் கடற்கரைக்குப் போயிடுச்சும்மா. ஊர்ல மிச்சம் இருக்கறது நாய்ங்க, டூரிஸ்டுங்க, அப்புறம் நீங்களும் இந்தப் படத்து அம்மாவும்னு ரெண்டு பொம்பளைங்க.”

“நாலு மணிக்கு லாவினியா கேமராவோட வருவா. அதுவரைக்கும் யாரையும் உள்ள விடாத.”

“மியூசியமே லீவு, யாரு வரப்போறா? நீங்க எவ்வளவு பேசினாலும் இந்தம்மா மட்டும் வாயைத் தொறக்காது.” சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் மதியத்தின் வெயில் மர ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியே கோடு கோடாகத் தரையில் விழுந்தது. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடையும் பழைய மரத்தின் வாடையும் சூட்டில் கெட்டியாகி அறையில் தொங்கின. தூரத்தில் ஆர்னோ நதிக்கரையில் ஒரு ஸ்கூட்டர் போய் மறைந்ததும், கூரைக்கடியில் குருவிகள் கீச்சிடுவது மட்டும் மிஞ்சியது.

பச்சைச் சால்வைப் பெண் யாரென்று யாருக்கும் தெரியாது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தையவள். வரைந்தவர் பெயர்கூட இல்லை. உலகமெங்கிலுமிருந்து வந்து சனங்கள் வரிசையில் நிற்பது அவள் வாயைப் பார்க்கத்தான். கண்கள் எதையோ சொல்லத் துடிக்க, வாய் மட்டும் ஏன் இப்படி இறுக மூடியிருக்கிறது? மௌன விரதம் பூண்டவள் என்றார் ஒருவர். பல் போனவள் என்றார் இன்னொருவர். ஒரு கொலையைப் பார்த்தவள் என்று தடித்த புத்தகமே வந்திருக்கிறது. எர்சீலியாவும் மூன்று மேடைகளில் அந்த வாயைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

அந்த வாயை வரைந்ததே எர்சீலியாதான்.

1966 வெள்ளத்தில் ஆர்னோ நதி ஊருக்குள் புகுந்தபோது அவளுக்கு வயது இருபத்து நான்கு. ஒரு பிரபுவின் வீட்டு நிலவறையில் கரிபிடித்துக் கிடந்த ஓவியப் பலகை அது, சேறும் எண்ணெயுமாகச் சீரமைப்புக்கு அவளிடம் வந்தது. பழைய வார்னிஷை வழித்து எடுத்ததும் முகம் வெளிப்பட்டது. உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன, பேச ஆரம்பித்தவளைப் போல. புகைப்படக்காரர் கொர்ராதோ அன்றைக்கே அதைக் கண்ணாடி நெகடிவில் படமெடுத்து, அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் இன்னும் கொஞ்சம் துலக்கலாம் என்று ஆசைப்பட்டுக் கடுமையான திரவத்தைத் தொட்டாள். பஞ்சை எடுத்தபோது வாய் பஞ்சில் இருந்தது. முகத்தில் வெள்ளைச் சுண்ணப் பூச்சுதான் மிச்சம்.

எல்லோரும் கீழே சேறு அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பகல்களில் ஒரு மூடிய வாயை வரைந்து முடித்தாள். பிரிந்த உதடு அவளுக்கு வரவில்லை. மூடிய உதடு சுலபம். நெகடிவை உடைத்து ஆற்றில் போட்டாள். நெகடிவ் எங்கே என்று மேலதிகாரி கேட்டபோது, “அது கொர்ராதோகிட்டதான் இருந்துச்சு” என்றாள். ஒரே வரி. நெகடிவைத் தொலைத்தவர் என்று கொர்ராதோவின் வேலை போயிற்று. கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைத்தார், குடித்தார், போன வருடம் செத்தார். சவ அடக்கத்துக்கு எர்சீலியா மலர்வளையம் கொண்டு போனாள். அவர் மகள் லாவினியா அவள் தோளில் சாய்ந்து, “நீங்க ஒருத்தர்தான் அத்தை அப்பாவை விட்டுப் போகாதவங்க” என்று அழுதாள். அந்தத் தோளை அன்றிரவு எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவளுக்குக் கூசிக்கொண்டே இருந்தது.

இன்று லாவினியா கொண்டு வருவது வண்ணத்துக்கு அடியில் பார்க்கும் கேமரா. அவள் வருவதற்குள் தன் பொய்யைத் தானே துடைத்தெடுத்து, அந்த வெள்ளைக் காயத்தைக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். எர்சீலியா ஒரு வாரமாகத் தூங்காமல் எடுத்த முடிவு இது.

குச்சியில் பஞ்சைச் சுற்றித் திரவத்தில் நனைத்தாள். கீழுதட்டின் ஓரத்தில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக உருட்டினாள். சிவப்பு பஞ்சில் ஏறியது. முப்பத்தோரு வருடம் காய்ந்த வண்ணம் இவ்வளவு சுலபமாக வரக்கூடாது. ஈரமாக வந்தது. குச்சியை மாற்றினாள். அடியில் வெள்ளை தெரியவில்லை.

கருஞ்சிவப்பு தெரிந்தது. அதன்மேல் மெல்லிய கோடுகள், வெயிலில் காய்ந்த உதட்டில் இருப்பதைப் போல.

அவள் துடைத்து அழித்த உதடு. அது இருக்க வழியில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. இன்னொரு பஞ்சு. இன்னொன்று. இரண்டு உதடுகளுக்கும் நடுவில் இருட்டாக ஒரு இடுக்கு விழுந்தது. குச்சியின் முனை அதற்குள் இறங்கியது.

பலகையின் கனம் இரண்டு விரல். குச்சி நான்கு விரல் போனது.

இதமான சூடு. அவள் மணிக்கட்டில் காற்றுப் பட்டது. பூட்டிக் கிடந்த அறையின் வாடை அதில் இருந்தது. குச்சியை வெளியே இழுத்தாள். பஞ்சு உள்ளேயே நின்றுவிட்டது.

குருவிகளின் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

உதடுகள் அசைந்தன. ஒட்டிக்கொண்டிருந்த ஓரங்கள் பிரிந்தன. உள்ளே நாக்கு புரண்டது. நீண்ட காலம் பேசாத தொண்டை ஒரு எழுத்தைத் தேடியது.

“கொர்...”

எர்சீலியாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பேய்க்குப் பயந்த குளிர் இல்லை அது. அந்த வாய் சொல்லப்போவதை உகோ கேட்பான். லாவினியா கேட்பாள். தான் சொல்வது வேறு. இதுவாகச் சொல்வது வேறு. மூன்று மேடைகள், கைதட்டல், லாவினியா சாய்ந்த அந்தத் தோள், எல்லாம் போய்விடும்.

“கொர்ரா...”

உள்ளங்கையால் பொத்தினாள். அது கைக்குள் அசைந்தது. பல் பட்டது. இடது கையால் பொத்தியபடியே வலது கையால் வண்ணத் தட்டை இழுத்தாள். சிவப்பு. கொஞ்சம் பழுப்பு. தூரிகை. இடுக்கின்மேல் பூசினாள். உதடு விலகியது, மறுபடி பூசினாள். தூரிகைக்கு அடியில் அது துடித்தது, கடைக்காரன் கையில் மீன் துடிப்பதைப் போல. “மன்னிச்சுக்கோ” என்று முணுமுணுத்துக்கொண்டே பூசினாள். அழுதாள். பூசினாள்.

இந்த முறை இரண்டு பகல் ஆகவில்லை. ஒரு மணி நேரம். பழகிய கை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே லாவினியா வந்துவிட்டாள். ஒரு கையில் கேமராப் பெட்டி, இன்னொரு கையில் உருகி வழியும் எலுமிச்சை ஐஸ்.

“உங்களுக்குத்தான் அத்தை, சீக்கிரம் சாப்பிடுங்க, பாதி என் கையே சாப்பிட்டுடுச்சு. என்ன இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க?”

“வெயில்.”

லாவினியா ஓவியத்தின் முன் நின்றாள். “அடேயப்பா. இன்னிக்குத்தான் வரைஞ்ச மாதிரி பளபளன்னு இருக்கு.” பிறகு குரல் தணிந்தது. “எங்கப்பா சாகறப்போகூட இதைத்தான் சொன்னாரு. அவ வாய் திறந்திருந்துச்சும்மா, நான் பார்த்தேன்னு. நாங்க யாரும் நம்பல. குடிச்சுட்டு உளறுறாருன்னு நானே திட்டினேன். நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே அத்தை. திறந்தா இருந்துச்சு?”

இப்போது சொல்லியிருக்கலாம். லாவினியாவின் கண்கள் அவளையே பார்த்தன. ஐஸ் உருகி எர்சீலியாவின் விரல்களில் ஒழுகியது.

“இல்லம்மா. நான் பார்த்தப்பவும் மூடித்தான் இருந்துச்சு.”

லாவினியா தலையாட்டிவிட்டு முதுகைத் திருப்பிக் கேமராவை முக்காலித் தாங்கியில் பொருத்த ஆரம்பித்தாள்.

ஓவியத்தில் கழுத்து அசைந்தது.

முதலில் ஒரு விம்மல். தொண்டைக் குழி உள்ளே போயிற்று, வெளியே வந்தது. மூடிய வாய் மூடியபடியே இருக்க, அதற்குக் கீழே கழுத்து உப்பியது. நரம்புகள் எழுந்தன. ஐந்நூறு வருட வண்ணத்தில் முதல் விரிசல் தாடைக்கடியில் விழுந்தது. சின்னச் சத்தம். பிறகு இன்னொன்று.

“என்ன சத்தம் அத்தை? மேசையை இடிச்சீங்களா?”

ஓவியத்தின் கண்கள், எதையோ சொல்லத் துடித்த அந்தக் கண்கள், பிதுங்கிச் சிவந்து எர்சீலியாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. கழுத்து இன்னும் உப்பியது. சதை நிறச் செதில்கள் ஒவ்வொன்றாகச் சால்வையின்மேல் உதிர்ந்தன.

“இதுக்குள்ளேயிருந்துதான் வருது” என்று திரும்பினாள் லாவினியா. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, அந்த வாயை மட்டுமே பார்த்தபடி குனிந்தாள். அந்த ஈரச் சிவப்பில் படும் அளவுக்குத் தன் காதை நெருக்கி வைத்து, மூச்சை அடக்கிக் கேட்டாள்.