சப்பாத்தைப் பார்த்த சாட்சிகள்

"ஐயோ... தொரே!"

பங்களாவே அதிர்ந்தது.

அலறியவன் சமையல்கார அப்பு கந்தப்பன். மாலைத் தேநீரை ஏந்திக்கொண்டு துரையின் அறைக்குள் ஒரு கால்தான் வைத்தான்... தட்டு ஒரு பக்கம், கோப்பை ஒரு பக்கம், கந்தப்பன் ஒரு பக்கம்!

நாற்காலியில் வில்மட் துரை. ஆனைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் முழு முதல் அதிகாரி.

கழுத்திலிருந்து சட்டை வரை இரத்தம்.

அவருக்கு எதிரே, கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு... மலையில் மழைநீர் வடியக் கான் வெட்டும் தொழிலாளி இராயப்பன்!

"நான் இல்லீங்க!" என்றான் இராயப்பன். "கத்தி கீழ கெடந்துச்சு... எடுத்தேன்..."

யார் நம்புவார்கள்?

நீங்கள் நம்புவீர்களா?

*

ஆண்டு 1954. மறுநாள் காலை, பொலிஸ் ஸ்டேஷன்.

"கேஸ் முடிஞ்சுது சேர்!" சார்ஜன் தம்பையாவின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. "ராத்திரி பூரா கேட்டேன். விடியக்காலம் ஒத்துக்கிட்டான்!"

இன்ஸ்பெக்டர் அமிர்தநாதன் இராயப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

அவர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு அவரை அங்கிருந்து தூக்கிவந்து காக்கிச் சட்டைக்குள் போட்டிருந்தது. சந்தேகப்படுவது அவருக்கு உத்தியோகம் மட்டுமல்ல, சுபாவம். உப்பு சரியாக இருக்கிறது என்று பெண்சாதி சத்தியம் செய்தாலும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

"இராயப்பா... நீதான் குத்துனியா?"

"ஆமாங்க."

"எங்க குத்துன?"

இராயப்பன் திரும்பிச் சார்ஜன் முகத்தைப் பார்த்தான்.

"ஐயா எங்க சொல்றாரோ... அங்கதாங்க."

"எத்தன குத்து?"

"நீங்களே பாத்துப் போட்டுக்குங்க. என்னயத் தூங்க மட்டும் விடுங்க சாமி..."

சார்ஜன் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

"பங்களாவுக்கு எதுக்குப் போன?"

"எம் பொஞ்சாதி றோசலின் புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வேலைக்கு வந்ததுல பிந்திருச்சுங்க. வேலை மேய்க்கிற கண்டாக்கையா அவ பேரை வெட்டி, அன்னைக்குக் கூலி இல்லன்னுட்டாரு. தொரகிட்ட கெஞ்சலாம்னு போனேங்க."

வாசலில் அந்த றோசலின். இடுப்பில் குழந்தை. இன்ஸ்பெக்டரைக் கண்டதும் காலில் விழப்போனாள்.

"ஐயா, எங்க வீட்டுல கோழி அறுக்கக்கூட அவரு என்னயத்தான் கூப்பிடுவாரு! அவரைப் போயி... தூக்குல போட்டுருவாங்களாய்யா?"

அமிர்தநாதன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

திங்கட்கிழமை கோர்ட். செத்தது வெள்ளைக்காரத் துரை. கையில் கத்தியோடு பிடிபட்டவன் கூலிக்காரன். ஒப்புதல் வேறு கொடுத்துவிட்டான். அவளிடம் என்னவென்று சொல்வது?

"உள்ள வரலாமா சேர்?"

நெடுநெடுவென்று ஒரு பெண். வெள்ளைச் சேலை. பவுலின் டீச்சர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரே ஆசிரியை. பயிற்சிக் கலாசாலையில் மனோதத்துவம் படித்துத் தேறியவர்.

"உக்காருங்க டீச்சர். என்ன விசயம்?"

"தொரை எத்தன மணிக்குச் செத்தாரு?"

"டாக்டரால சொல்ல முடியல. இந்தக் குளிருக்கு எல்லாப் பொணமும் ஐஸ் கட்டிதான். ஆனா நாலு மணிக்கு உயிரோட இருந்தாரு. ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்த பொண்ணுங்க அத்தன பேரும் பாத்திருக்காங்க. அஞ்சு மணிக்கு இராயப்பன் போனான். அதுக்கப்பறம் கந்தப்பன் கத்துனான்."

"நாலு மணிக்கு முன்னாடியே செத்திருந்தா?"

"இராயப்பன் தப்பிச்சான். நாலரை வரைக்கும் அவன் மத்த ஆளுங்களோட கான் வெட்டிக்கிட்டு இருந்தான். ஆனா செத்த மனுசன் மலையில எப்படி டீச்சர் நடப்பாரு?"

பவுலின் முன்னால் சாய்ந்தார்.

"நடந்தது தொரைதானா சேர்?"

அமிர்தநாதன் நிமிர்ந்தார்!

"மனுசன் பாதி கண்ணால பாக்குறான், மீதிய மனசால இட்டு நெரப்பிக்கிறான். எதை எதிர்பார்க்கிறானோ அதுதான் தெரியும். நேத்து மழை. தொரையோட மழைக்கோட்டு, தொப்பி, காலுல சப்பாத்து. உள்ள யாரு இருந்தா என்ன? ஒருத்தி 'தொரை வர்றாரு'ன்னா முடிஞ்சுது. மத்தவ மறுத்துப் பேச மாட்டா. கூட்டத்தோட ஒத்துப் போறது மனுச சுபாவம்."

"இது புஸ்தகப் பேச்சு, டீச்சர்."

"சோதிச்சுப் பாருங்களேன்!"

*

மறுநாள் காலை. பெரட்டுக் களம். வேலைக்குப் பிரித்து அனுப்ப ஆட்களை நிறுத்தும் இடம். ஏழாம் நம்பர் மலைப் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள்.

"பயப்படாதீங்க. ஒரே ஒரு கேள்வி," என்றார் அமிர்தநாதன். "செத்துப்போன தொரைக்கு மீசை எப்படி இருக்கும்?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்தாள்.

கங்காணியின் சம்சாரம் தொண்டையைச் செருமினாள். "பெரிய மீசைங்க!"

அவ்வளவுதான்... மடை திறந்தது!

"ஆமாங்க, முறுக்கு மீசை!"

"செம்பட்ட மீசைங்க!"

"கோவம் வந்தா அதுவும் சேந்து துடிக்கும்ங்க!"

சார்ஜன் தம்பையா வாயைப் பிளந்தார்.

துரைக்கு மீசையே கிடையாது! தினமும் காலையில் மழுமழுவென்று சிரைத்துக்கொள்கிற மனிதர். வெந்நீர் கொண்டுபோன கந்தப்பன்தான் அதற்குச் சாட்சி.

பவுலின் புன்னகைத்தார். அமிர்தநாதன் புன்னகைக்கவில்லை. சந்தேகம் அவருக்குப் பசி மாதிரி, ஒரு வாயோடு அடங்காது.

பெண்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார். கூட்டத்தை விட்டுப் பிரிந்ததும் முறுக்கு மீசை காணாமல் போயிற்று. கடைசியில் வந்தவள் சண்முகவடிவு. கொழுந்து எடுத்து எடுத்து விரல் கறுத்த மூத்த பெண்.

"அக்கா, அன்னைக்குத் தொரை மூஞ்சியப் பாத்தீங்களா?"

"தொர மூஞ்சிய யாருங்க பாப்பா?" அவள் பயந்தே போனாள். "வந்தாருன்னா கானுக்குள்ள எறங்கி, கம்பளியத் தலையில இருந்து எடுத்துட்டு, குனிஞ்சு நிப்போம். எங்க அப்பன் காலத்துல இருந்து அப்படித்தானுங்க."

"அப்ப எதைத்தான் பாத்தீங்க?"

"சப்பாத்த!"

பிறகு அந்தச் சப்பாத்து என்ன செய்தது என்று சொன்னாள். அமிர்தநாதன் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். இரண்டு தடவையும் அதே பதில். இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினார். அவரும் விடவில்லை.

*

அன்று பிற்பகல் ஏழாம் நம்பர் மலைக்குச் செய்தி போனது... புதுத் துரை வருகிறார்!

பங்களாவில் பவுலின், செத்த துரையின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கழுத்து வரை பொத்தான். தொப்பி. சப்பாத்து. கையில் பிரம்பு.

"நானே நடக்குறேன் சேர். எல்லாரும் என்னைத் தினமும் பாக்குறவங்க. ஒருத்தி கண்டுபிடிச்சாலும் நான் சொன்னது தப்பு."

"அன்னைக்கு அந்த ஆளு எப்படி நடந்திருப்பான்னு நீங்க நெனைக்கிறீங்களோ, அப்படியே நடங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அமிர்தநாதன் மலைக்குப் போய்ப் பெண்களோடு பெண்ணாகக் கானில் இறங்கி நின்றார். சுள்ளென்ற வெயில். இந்த வெயிலில் மழைக்கோட்டா என்று ஒருத்தியாவது யோசிக்க வேண்டுமே? ம்ஹூம்! துரைமார் செய்வதற்குக் காரணம் கேட்கும் வழக்கம் அந்த மலையில் இல்லை.

டக்... டக்... டக்...

"தொர வர்றாரு!"

கம்பளிகள் இறங்கின. தலைகள் குனிந்தன.

"சலாங்க தொரே! சலாங்க தொரே!"

அமிர்தநாதனுக்கு வியர்த்தது. அவர் கழுத்தும் தானாக வளைந்துகொண்டிருந்தது! இன்ஸ்பெக்டர் உத்தியோகம் எங்கே போனது? இங்கிலீஷ் எங்கே போனது? அப்பனோடு இதே மாதிரி ஒரு கானில் நின்ற சின்னப் பையன் உள்ளே இருந்துகொண்டு, குனிடா என்றான். வெட்கமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது.

பல்லைக் கடித்துத் தலையை நிமிர்த்தினார்.

பார்த்தார்.

உருவம் மதகு வரை போனது, நின்றது, திரும்பி வந்தது.

"புதுத் தொரை எப்படி?" என்று பெண்களைக் கேட்டார்.

"நல்ல செவப்புங்க!"

"பழையவர விட வயசு கொறவுங்க!"

உருவம் தொப்பியைக் கழற்றியது.

"ஐயையோ... நம்ம டீச்சரு!"

யாரோ வீறிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த றோசலினுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் ஓடிவந்து பவுலினின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சார்ஜன்," என்றார் அமிர்தநாதன், "இராயப்பன் மேல கேஸ் நிக்காது. போயி அவனுக்கு மொதல்ல ஒரு வாய் சோறு வாங்கிக் குடுங்க. அப்பறம் தூங்க விடுங்க."

றோசலின் சார்ஜனுக்கு முன்னால் ஓடினாள். பெண்கள் மலைக்குள் கலைந்தார்கள்.

"நான் வர்றேன் சேர்," என்றார் பவுலின்.

"கொஞ்சம் நில்லுங்க டீச்சர். மதகுக்கிட்ட என்ன செஞ்சீங்க?"

"மதகுக்கிட்டயா... திரும்புனேன்."

"திரும்புறதுக்கு முன்னாடி?"

பவுலின் யோசித்தார். உண்மையிலேயே ஞாபகம் இல்லை!

"வலது சப்பாத்த மதகுக் கல்லுல நல்லா அழுத்தித் தேச்சீங்க. அப்பறம் எடதை."

"சேறா இருந்திருக்கும்..."

"ரெண்டு நாளா வெயில். பாதையில தூசி பறக்குது!" அமிர்தநாதனின் குரல் இறங்கியது. "சேறு இருந்தது கொலை நடந்த அன்னைக்கு. அன்னைக்கு அந்தச் சப்பாத்து அதே எடத்துல, அதே கல்லுல, அதே மாதிரி தேச்சதைச் சண்முகவடிவு பாத்திருக்கா. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா. தொரை ஒருநாளும் தேய்க்க மாட்டாரு. அவரு சப்பாத்துச் சேறை எடுக்க பங்களாவுல தனியா ஒரு ஆளு. நீங்க நெனைச்சு நடக்கல டீச்சர். கால் ஞாபகத்துல நடந்தீங்க."

காற்று மழைக்கோட்டை அசைத்தது.

"பழைய விசாரணைக் கட்டைப் பாத்தேன். மார்கிரட் உங்க தங்கச்சிதானே?" என்றார் மெதுவாக.

பவுலினின் கையிலிருந்து பிரம்பு விழுந்தது.

"போன வருசம், சேர்... தொரையோட கார் அவ மேல ஏறிப் போயிருச்சு. ரோட்டோரத்துல அத்தன பேரு. விசாரணையில ஒருத்தரும் பாக்கலன்னாங்க. வழுக்கி விழுந்து செத்தான்னு எழுதிட்டாங்க. அவங்க பொய் சொல்லல சேர்! நெசமாவே பாக்கல. கார் வந்ததும் கானுக்குள்ள எறங்கிக் குனிஞ்சு நின்னாங்க. இந்தப் பாடத்த நான் கலாசாலையில படிக்கல... அங்கதான் படிச்சேன்."

"அதனால கத்தியோட போனீங்க."

"கந்தப்பன் தூங்குற நேரம் பாத்துப் போனேன். மார்கிரட்டுக்கு என்ன பதில்னு கேட்டேன். யாரு மார்கிரட்டுன்னாரு சேர்! பேருகூட ஞாபகம் இல்ல அந்த மனுசனுக்கு! அப்பறம் அவரு உயிரோட இருக்குற மாதிரி காட்ட, அவரு கோட்டைப் போட்டு நடந்து, திருப்பி பங்களாவுல வெச்சுட்டு, அஞ்சு மணிக்குக் கோயில்ல பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தேன். சாட்சிக்கு ஒரு கோயில் நெறையப் பிள்ளைங்க. இராயப்பன் அந்த நேரத்துல அங்க போவான்னு நான் கண்டேனா?"

"வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒங்க மேல ஒரு தூசி விழுந்திருக்காதே டீச்சர்!"

"எதுக்கு? அவன் தூக்குல தொங்குறப்ப நானும் கானுக்குள்ள எறங்கிக் குனிஞ்சு நிக்கவா?"

அமிர்தநாதன் விலங்கை எடுக்கப் போன கையைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"நானும் லயத்துப் புள்ளதான். எனக்கும் தலை குனிஞ்சுது. கஷ்டப்பட்டு நிமித்துனேன். அப்படியே விட்டிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க."

பவுலின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று சிரித்தார்!

"வந்த நாள்ல இருந்து இந்தத் தோட்டத்துப் பிள்ளைங்ககிட்ட நிமிந்து பாருங்க, நிமிந்து பாருங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன்... பாஸான மொத ஆளு நீங்கதான் சேர்!"